விக்கிப் பாடிய மாமன்

விக்கலோடு பாடும் ஒரு மனிதரின் குரல்தான் என் பதினான்கு வயதின் சத்தம். பாதிச் சொல் வரும், நடுவில் தண்ணீர் குடிக்கப் போனதுபோல ஓர் இடைவெளி, பிறகு மீதிச் சொல். பாடியவர் என் மாமன், அம்மாவின் தம்பி. வள்ளி கும்மிக் குழுவில் முதல் குரல் கொடுத்தவர், அந்த ஆண்டுதான் தவறிப்போயிருந்தார். கோயில் திருவிழாவில், எங்கள் பேச்சில் 'நோம்பி'யில், யாரோ பதிந்த ஒரே ஒரு சி.டி.யில் மட்டும் மிச்சமிருந்தார். அதைப் பாடவைக்க எங்கள் சோமனூர் வீட்டில் இருந்த ஒரே பொருள், சித்தப்பா வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனி கழித்துப்போட்ட பழைய யூனிக்ஸ் லேப்டாப்.

கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால், சொன்னதைச் செய்துவிட்டு அது ஒன்றும் பேசாது, என் அப்பாவைப் போல. செய்யாவிட்டால் மட்டும் எனக்குப் புரியாத ஆங்கிலத்தில் ஒரு வரி திட்டும். விக்கலை நிறுத்த, சி.டி. டிரைவுக்கு டி.எம்.ஏ.வைப் போட்டேன், அணைத்தேன். 'பஃபரை' ஏற்றினேன், இறக்கினேன். டி.எம்.ஏ. என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் மின்வாரியத்தில் ஒரு பதவி என்று சொல்லியிருப்பேன். சித்தப்பாவுக்கோ சந்தேகமே இல்லை. எங்கள் பக்கம் எந்த மிஷின் மக்கர் செய்தாலும் முதல் மருந்து 'காத்தடிப்பது'. பஞ்சு அடைத்திருக்கும் என்று கம்ப்ரசர் குழாயை டிரைவுக்குள் விட்டு ஊதினார். பஞ்சு வந்தது, நிறையவே. விக்கல் போகவில்லை. அம்மா தினமும் சி.டி.யை முந்தானையால் துடைத்துக் கொடுத்து, இன்றைக்காவது முழுசாகப் பாடுவானா என்று கேட்பாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. சாகக் கிடந்த பேட்டரியில் மாமன் திடீரென்று ஒரு சொல்லும் உடையாமல் பாட ஆரம்பித்தார். எந்தக் கட்டளை பலித்தது என்று நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்க, அடுப்படியிலிருந்து வந்த அம்மா, வீட்டை ஒட்டிய விசைத்தறிக் குடோனிலிருந்து எட்டிப் பார்த்த அப்பாவிடம் சொன்னாள்:

"ஏனுங்க, தம்பி பாடறானுங்க."

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் 'தடக்தடக்' என்று ஓடின. மாமனுக்கு விக்கல் வந்தது. அப்பா லேப்டாப் இருந்த மேசைமேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மேசை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்திலேயே தின்று தூங்கி வளர்ந்த எங்களுக்குத் தரை என்றாலே அப்படித்தான் இருக்கும். அது ஆடுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தறியில்லாத வீடு எதற்காவது போயிருக்கலாம் என்பதும் ஏனோ தோன்றவில்லை.

அப்பா உள்ளே போனார். சாவுக்கும் நோம்பிக்கும் தவிர அவர் நிறுத்தாத தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"பாட்டப் போடு கண்ணு," என்றார். "உங்கம்மா கேக்கட்டும்."

பாட்டு முடியும்வரை குடோன் வாசலிலேயே நின்றார்.

தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டு நாளாயிற்று. அப்பாவும் இல்லை. விக்கலை நிறுத்தியது என் டி.எம்.ஏ.வாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பாட்டு இப்போது அம்மாவின் செல்போனில் இருக்கிறது, ஓடும் பஸ்ஸில்கூடக் கேட்கலாம். அவள் அப்படிக் கேட்பதில்லை. டிவியை அணைப்பாள், ஃபேனை அணைப்பாள்; பிறகும், யாரோ இன்னும் எதையோ நிறுத்தி முடிக்கவேண்டும் என்பதுபோலக் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுத்தான் விரலை வைப்பாள்.