அக்கா வயலின் தனிப் பூஞ்சை

சின்ன வெங்காயத்தின் அடியை அழுக வைக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றி நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் அதன் மரபணு எப்படி வேறுபடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பெண் பார்க்கப் போன வீடுகளில் இதைச் சொன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, "அப்ப மாப்பிள்ளைக்கு வேலைன்னு எதுவும் இல்லீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் மாதிரிகள் எடுக்கப்போவதாக வீராப்பாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் முன்பின் தெரியாதவர் வயலில் இறங்கிச் செடியைப் பிடுங்க எனக்குத் தைரியம் கிடையாது. ஓர் ஊரில் ஒருவர், "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டதற்கே பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின் சொந்தக்காரர்கள் வயலோடு நிறுத்திக்கொண்டேன். கீரனூரில் மாமா, கறம்பக்குடியில் சித்தப்பா, அங்கங்கே அத்தைகள். போன இடமெல்லாம் சோறு போட்டார்கள். ஆய்வு வளர்ந்ததோ இல்லையோ, எனக்குத் தொப்பை வளர்ந்தது.

கடைசியாகக் குடுமியான்மலைக்குப் பக்கத்தில் அக்காவின் வயல். மச்சான் துபாயில் இருப்பதால் வெள்ளாமை முழுக்க அக்கா தலையில்தான். அந்த வருஷம் பாதிச் செடி நுனி மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. தப்பிய வெங்காயத்தில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, அடுத்த நடவுக்கு விதையாக, வயலோரம் ஓலையால் அடைத்த பட்டறையில் கொட்டிக் காற்றாட வைத்திருந்தாள்.

"எங்கிட்டு வேணாலும் தோண்டிக்கடா. தைப்பட்டத்துக்கு இந்த வெதக்காயத்தான் நடணும். நடலாமா, கூடாதான்னு மட்டும் பாத்துச் சொல்லிரு."

"அதுக்குத்தானக்கா வந்திருக்கேன்" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

திருச்சி ஆய்வகத்தில் மரபணுப் பட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லா ஊர்ப் பூஞ்சையும் அச்சு அசல் ஒன்றேதான். யோசித்துப் பார்த்தால் காரணம் கீரனூர் மாமாதான். கல்யாணம், காதுகுத்து என்று யார் வந்துபோனாலும் தன் விதை வெங்காயத்தில் ஒரு மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவார். நோயும் அந்த மூட்டையிலேயே ஏறிச் சம்பந்தி வீடு வரைக்கும் போயிருக்கிறது. என் நெறியாளர் முடிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பூஞ்சை ஆய்வா, உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார்.

அக்கா வயலில் எடுத்தது மட்டும் தனியாக நின்றது. மாமாவோடு ஏதோ மனஸ்தாபத்தில், அவள் வெளியூர் லாரியில் வந்த விதையை வாங்கி நட்டிருந்தாள். குடும்பச் சண்டையால் அறிவியல் வளரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜாங்கிரி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். "ஒன் வயல்ல இருக்கிற பூஞ்சை இந்த மாவட்டத்துலயே வேற எங்கிட்டும் இல்லக்கா" என்றேன். மாவட்டம் என்று நான் சொன்னது எங்கள் சொந்தபந்தத்தைத்தான். மரபணு, வேறுபாடு, பரிணாமம் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிடா. பட்டறையில கெடக்கிற காய நடலாமா, கூடாதா?"

பட்டறைக் காயை நான் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. என் ஆய்வின் நோக்கங்களில் அது இல்லை. அவளுக்கு வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீக்கிரம் சொல்கிறேன் என்று ஒரு பை நிறைய வெங்காயத்தை அள்ளிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

வெளியே பளபளவென்று இருந்த வெங்காயத்தை நறுக்கி வளர்ப்புத் தட்டில் வைத்தேன். பூஞ்சை எனக்காக அவசரப்படவில்லை. தனக்கு வேண்டிய நாளை எடுத்துக்கொண்டு, கடைசியில் தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. சோதித்தால், நான் ஜாங்கிரி வாங்கிக் கொண்டாடிய அதே பூஞ்சை. உடனே போன் போட்டேன். இந்தத் தடவை விளக்கமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, அந்தக் காய நட்டுறாத."

போனில் வயல் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"நேத்தே நட்டாச்சுடா. ஆளு கெடைச்சாங்க. பட்டம் தப்பிருச்சுன்னா என்ன செய்யுறது?" அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வெளஞ்சா பாப்போம். வெளையலேன்னா ஒனக்கு வேணுங்கிற பூஞ்சை நெறயக் கெடைக்கும், வந்து எடுத்துக்க."