தண்ணீர் டிரம்முக்குப் பின்னால்

ஆயுத பூஜை என்றால் மற்றவர்களுக்குப் பொரியும் சந்தனமும் நினைவுக்கு வரும். எனக்குத் துணிக்கொடி. ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் பின்புறம், அத்தையின் சேலைக்குப் பக்கத்தில், ஈரம் சொட்டும் படக்கதைப் பக்கங்கள் கிளிப்பில் தொங்கின. எல்லாப் பக்கத்திலும் சாயம் கரைந்த ஒரே முகம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கம்பெனியில் வெல்டர். கல்யாணமான புதிதில் அவரும் அத்தையும் எங்களோடுதான் இருந்தார்கள். விண்வெளிக் கதைகளில் வரும் பனிக்கோள் தளபதி அப்போது எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த வில்லன். கதாநாயகனிடம் தோற்பதற்கென்றே வருபவன். அவனையே நடுவில் வைத்து ஏழு புத்தகங்களாக ஒரு தனித் தொடர் வந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் சொல்லிவைத்து மாமா எல்லாவற்றையும் வாங்கினார். தளபதியின் முகத்தை இரும்புத் தகடு மூடியிருக்கும். கண்ணுக்கு நேரே மட்டும் ஒரு கருப்புக் கண்ணாடி. “பாத்தியா பாப்பா, இவனும் வெல்டருதான். மூஞ்சி யாருக்கும் தெரியாது. இந்தக் கதையிலதான் அவன் வூடு திரும்புறான்” என்பார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்கப்பா சீரோட பொம்மை புக்கும் வச்சிருப்பாரு” என்று அத்தை சிரிப்பார்.

அந்த வருடப் பூஜைக்கு மாமா தன் வெல்டிங் ஹெல்மெட்டைத் துடைத்துச் சாமி படத்தின் முன் வைத்தார். என் பாடப் புத்தகங்களின் மேல் அந்த ஏழு படக்கதைகளையும் அடுக்கினார். எனக்குப் பதினொரு வயது. காலாண்டுத் தேர்வில் கணக்கைச் சொதப்பியிருந்தேன். மார்க் இன்னும் வரவில்லை. கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு வில்லன் உட்கார்ந்தால் சரஸ்வதி என்ன நினைப்பாள் என்று பயந்தேன். யாரும் பார்க்காதபோது படக்கதைகளை உருவி, பின்புறம் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் செருகினேன். பூஜை முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் அம்மா அடுக்கின் மேல் துண்டைப் போர்த்திக் கற்பூரம் காட்டிவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொட்டால் படிப்பு வராது. நான் தொடவில்லை. அன்றிரவு மழை பெய்தது.

காலையில் தண்ணீர் மொள்ளப் போன அத்தைதான் பார்த்தார். பதறிப்போய் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் கொடியில் போட்டார். மீதியை நியூஸ் பேப்பருக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டார். அந்தப் பதற்றமே அவருக்கு எதிராகப் போய்விட்டது. மாமா சத்தம் போடவில்லை. “புடிக்கலன்னா சொல்லியிருக்கலாமில்ல” என்றார். “நான் வைக்கலைங்க” என்று அத்தை இரண்டு தடவை சொன்னார். நான் கதவோரம் உட்கார்ந்து, விஜயதசமியன்று படிக்க வேண்டிய பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மாமா படக்கதை வாங்கவில்லை. வீட்டில் எது காணாமல் போனாலும், “உங்க அத்தையக் கேளு, டிரம்முக்குப் பின்னாடி இருக்கும்” என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், இத்தனை வருடங்களாக.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. அந்தத் தொடர் வழவழப்பான தாளில் ஒரே தொகுப்பாக மறுபடி வந்திருக்கிறது. வாங்கிக் கொடுத்தேன், அதோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. இந்தப் பூஜைக்கு அவளே அதைத் தன் பாடப் புத்தகங்களின் மேல் வைத்தாள். வேண்டாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சூளகிரியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். அத்தை சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். சொன்னது அவருக்காகவா, எனக்காகவா என்று இன்னும் தெரியவில்லை. கரண்டி அப்படியே நின்றது. கடுகு கருகும் வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தார்.

“மாமாகிட்ட நீயே சொல்லு கண்ணு. நான் சொன்னா நம்பமாட்டாரு.”

மறுநாள் காலை அடுக்கைப் பிரித்ததும் மகள் அந்தத் தொகுப்பை மாமாவின் மடியில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

“மாமா, அன்னைக்கு டிரம்முக்குப் பின்னாடி வச்சது நான்தான்.”

விரல் ஒரு பக்கத்திலேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். அத்தை திரும்பவில்லை. காய்ந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிளிப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி வெறும் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார்.