தோணியும் தெரிய ஒரு படம்

"கொஞ்சம் பின்னால போம்மா, கப்பலும் படத்துல வரட்டும்" என்றாள் மகள், கடற்கரையில் கைபேசியை நீட்டியபடி. என் அம்மாவின் நனைந்த சேலையிலிருந்த உப்பு வாசம் சட்டென்று நினைவுக்கு வந்தது.

அப்பா, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். உலக யுத்த காலம் அது. போகிற தோணி திரும்புமா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. அவர் புறப்படுமுன் ஒன்று எடுத்துவிட அம்மா நினைத்தாள்; ஆனால் தோணி சரக்கோடு கடலில் காற்றுக்குக் காத்து நின்றதால் அவரால் கரைக்கு வர முடியவில்லை. அம்மா ஸ்டுடியோக்காரரையே கடற்கரைக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

ஸ்டுடியோக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "நீங்க பெருசாத் தெரியுதீங்க. தோணி மிளகு மாதிரி கிடக்கு. கேமராவோட கடல்ல இறங்குனாத்தான் தோணியில நிக்குற ஆளு தெரியும்."

"அப்போ இறங்குவோம் அண்ணாச்சி" என்று அம்மா சேலையை இழுத்துச் செருகினாள். அவள் உள்நாட்டில் பிறந்தவள். கணுக்கால் நனைந்தாலே பயப்படுவாள். என்னைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை விடுவிடுவென்று நடந்தாள். அவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"ஏளா, பிள்ளையத் தூக்கிட்டு எங்க வார? கரைக்குப் போ!" என்று தோணியிலிருந்து அப்பா கைகளை வீசிக் கத்தினார். அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றாள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பிய அப்பா படத்தைப் பார்த்துத் திகைத்தார். "நான் ஏசுனது, சந்தோஷமாக் கையசைச்ச மாதிரில்லா விழுந்திருக்கு!"

"அப்படியே இருக்கட்டும்" என்று அம்மா சுவரில் ஆணியை அடித்தாள்.