உலக்கைத் துண்டும் கரிச் சாக்கும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் ஒரு கட்டையில் கயிறு கட்டி, எடையைத் தொங்கவிட்டுக் கைக்குப் பயிற்சி செய்கிறான். கயிறு முறுகும் சத்தம் கேட்டதும் செத்துப்போன என் அப்பா நினைவில் வந்து முன்னால் நிற்கிறார்.

நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலம். எங்கள் நிலம் அதற்குப் போனபின் அப்பா அங்கேயே கான்ட்ராக்ட் கூலி. மாட்டுவண்டிச் சக்கரத்தில் வலது கை நசுங்கி, பிடி தளர்ந்திருந்தது. பெர்மனென்ட் ஆக்குமுன் கையின் பிடிபலத்தைச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, ஒடிந்த உலக்கைத் துண்டில் கயிறு கட்டி, சாக்கில் பழுப்பு நிலக்கரி நிரப்பித் தொங்கவிட்டார். தினமும் இரு கையாலும் துண்டைச் சுற்றிச் சுற்றி, கயிறு அதில் சுருளச் சுருள, சாக்கை மேலே ஏற்றுவார். ஈரச் சாக்கு நாறும்.

"கெணத்துல எறச்சாலாவது ஒரு கொடம் தண்ணி வரும். சும்மா சுத்திக்கினு கெடக்குறீங்களே," என்பாள் அம்மா.

"பெர்மனென்ட் ஆவட்டும்டி. குவாட்டர்ஸ்ல கொழாயத் தொறந்தா தண்ணி கொட்டும்."

இரண்டே மாதத்தில் கை தேறிவிட்டது. சோதனைக்குப் போகும் காலையில், தினம் பத்து முறை ஏற்றுபவர், பலம் கூடட்டும் என்று நாற்பது முறை ஏற்றினார். அங்கே மண்வெட்டியைக் கொடுத்தபோது காலையில் ஏற்றிய அசதியில் பிடி நிற்காமல் அது நழுவி விழுந்ததாம். சாகும்வரை கான்ட்ராக்ட்தான்.

அன்று பக்கத்தில் நின்று, "இன்னும் பத்துப்பா, இன்னும் பத்து" என்று உசுப்பியது நான் என்றுதான் ஞாபகம். அண்ணனும் அன்று கூட நின்றிருந்தார்; இப்போது வடலூரில் இருக்கிறார். உசுப்பியது நானா, அவரா என்று யாராவது அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். இத்தனை வருஷமாக எனக்குக் கேட்க வாய் வரவில்லை.