பல்புக்கு எந்தத் தண்ணீர்?

‘பீஸ் போன’ குண்டு பல்பின் அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு கண்ணாடிச் சில்லு பதிந்திருக்கும். அதை ஆணி முனையால் மெல்லத் தட்டினால், சோற்றில் கல் கடிபட்டது போல ஒரு சத்தமும், அதன் பின்னால் பல்பு மூச்சை உள்ளே இழுக்கும் சின்னச் சீறலும் கேட்கும். சீறல் கேட்டால் பல்பு பிழைத்தது. கேட்காமல் விரல் எரிந்தால் பல்பும் போயிற்று, விரலும் போயிற்று. உள்ளே இருக்கும் கம்பியை உதறி எடுத்துவிட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றித் துணியால் அடைத்தால் அது லென்சு. அரியலூரில் என் சிறுவயதில் எங்கள் கைக்கு எட்டிய மிக உயர்ந்த தொழில்நுட்பம் அதுதான்.

எங்கள் என்றால் எனக்கும் என் தம்பி வரதனுக்கும். ஒரு கோடை விடுமுறை முழுவதும் நாங்கள் இருவரும் வீட்டில் சினிமா நடத்தினோம். வீட்டில் இருட்டான அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வரும் சின்ன வெங்காயத்தை அப்பா மொத்தமாக வாங்கிக் கொட்டி வைத்திருந்த அறை அது. ஆகவே எங்கள் கொட்டகையில் அழாமல் யாரும் படம் பார்த்து முடித்ததில்லை; சிரிப்புப் படத்துக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

வரதன் சந்தில் வெயிலில் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் சூரியனைப் பிடித்துச் சுவர் ஓட்டை வழியாக உள்ளே அனுப்புவான். நான் உள்ளே உட்கார்ந்து, பெட்டிக்கடையில் வாங்கிய ‘பிலிம் துண்டை’ அந்த வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து, அதற்கு முன்னால் பல்பை நகர்த்தி நகர்த்தி, எதிர்ச்சுவரில் கட்டிய அப்பாவின் வேட்டியில் படத்தை விழவைப்பேன். தலைகீழாகப் பிடிக்க மறந்தால் கதாநாயகன் வானத்திலிருந்து தொங்குவான். எல்லாம் அசையாத படங்கள். வசனம் நான் பேசுவேன். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாதம் செய்வான்.

“உள்ள தெரியுதாடா?”

“தெரியுது. ஆட்டாத.”

“இப்ப என்ன ஓடுது?”

“குதிரையில வர்றான்.”

“அந்தப் படத்துல குதிரையே கெடையாது. புளுவாத.”

பார்க்காத படத்தைப் பற்றி ஒருவன், முகம் தெரியாமல், சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவ்வளவு உறுதியாகப் பேச முடியும் என்பதை நான் அப்போதே கண்டேன். பிற்காலத்தில் உலகம் முழுவதும் அதைத்தான் செய்யப்போகிறது என்று தெரியவில்லை.

பெரிய வாதம் தண்ணீரைப் பற்றியது. ஊரே சுண்ணாம்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது; கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் பல்பு உள்ளே வெள்ளை படிந்து ‘பூத்துப் போகும்’, மழைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது வரதன் கட்சி. எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்பது என் கட்சி. கோடையில் மழைக்கு எங்கே போவது? ஆகவே அவன் கட்சியை நிரூபிக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, வேட்டியை அவிழ்த்துக்கொண்டு போக வரும்போதெல்லாம் சொல்வார்: “காசு வாங்கிக்கிட்டு வாதாடுறவன் வக்கீலு. சும்மா வாதாடுறவங்க எம்புள்ளைங்க.”

இடைவேளைக்குப் பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி செய்திருந்தேன். விதி செய்யும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. ஆனால் இடைவேளை வருவதற்குள் சூரியன் எதிர்வீட்டு ஓட்டுக்கூரைக்குப் பின்னால் போய்விடும். வரதன் உள்ளே வந்து இருட்டில் வெங்காயத்தின் மேல் உட்கார்ந்து, வெற்று வேட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போவான். விதி சரியாகத்தான் இருந்தது. சூரியனுக்கு நோட்டீஸ் கொடுப்பதற்குத்தான் வழி இல்லை.

பிறகு நான் வருவாய்த் துறையில் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். வரதன் பெரம்பலூரில் டிவி ரிப்பேர் கடை வைத்தான். என் மகள் கல்யாணம் வரை எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற இடத்தில் சொந்தக்காரர் பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்ற கேள்வி வந்தது. அதில் சண்டை வரக்கூடாது என்று, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே முறையைப் பின்பற்றினேன்: பணியில் இருக்கும் அலுவலர்கள், ஓய்வு பெற்றவர்கள், மற்றவர்கள். சார்பதிவாளராக இருந்த மைத்துனர் மேலே போனார். கூடப் பிறந்தவன் ‘மற்றவர்கள்’ பகுதியில், மாவு மில்காரருக்குக் கீழே வந்தான். கலெக்டர் விழாவுக்கு அழைப்பிதழ் தயாரித்தே பழகிய கை அது.

மண்டபத்துக்கு வந்தான். என் மனைவியிடம், “அண்ணி, எம்பேரு எந்த மூலையிலன்னு காட்டுங்க, அடுத்த கல்யாணத்துக்காவது தெரிஞ்சுக்கறேன்” என்றான். சாப்பிடாமல் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல்முறையீடு கிடையாது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் இருவரும் அதில் ஏறவில்லை.

மகள்தான் என் கைப்பேசியில் ஒரு தமிழ் மன்றத்தைச் சேர்த்துக் கொடுத்தாள். மன்றம் என்றால் கட்டடம் இல்லை, இணையத்தில் ஒரு பக்கம். முகம் தெரியாதவர்கள் புனைபெயரில் வந்து, எந்த போன் நல்லது, போனில் ஆடும் கேரமும் கேரமா, பார்க்காத படத்தைத் திட்டலாமா என்று நாள் முழுவதும் அடித்துக்கொள்வார்கள். நடத்தியவர் பெரம்பலூர்ப் பக்கத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் வேலை, புனைபெயர் ‘சாப்டாச்சா’. நான் ‘முறைப்படி’ என்ற பெயரில் சேர்ந்து, முதல் வேலையாக மன்ற விதிகளில் உள்ள முரண்பாடுகளை விரிவாக எழுதி அனுப்பினேன். “சார், அந்த விதியெல்லாம் நான் வேற எங்கருந்தோ எடுத்துப் போட்டதுங்க. படிச்ச மொத ஆளு நீங்கதான்” என்று பதில் வந்தது.

ஒருநாள் ஒருவர், வீட்டுக்குப் பெரிய டிவி வாங்கலாமா, புரொஜெக்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ‘வெயில்’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: “ரெண்டும் வேணாங்க. பீஸ் போன பல்புல தண்ணி ஊத்தி, வெயில உள்ள வுடுங்க. மழைத்தண்ணியா ஊத்துங்க. கிணத்துத் தண்ணின்னா பூத்துப் போயிடும்.”

நான் யோசிக்கவே இல்லை. விரல் தானாக எழுதியது: “எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான். மாறாக ஆதாரம் இருப்பின் காட்டவும்.”

சிறிது நேரத்தில் பதில் வந்தது: “ஆதாரம் உள்ள உக்காந்து பாத்தவங்கள்ட்டதாங்க இருக்கும். வெளிய நின்னவன்ட்ட கேக்கறீங்களே.”

வாழ்க்கையில் முதல்முறையாக என் தம்பி என்னை ‘நீங்க’ போட்டுப் பேசினான்.

அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியும் என்று இருவரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வரி பத்திரிகையைப் பற்றி இருக்க வேண்டும். சொல்லாதவரை எதைப் பற்றியும் பேசலாம். தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால், அவன் எனக்கு முன்னால் வந்து ஏதாவது கிளறி வைத்திருப்பான்.

“பவுடர் கொட்டாம ஆடுற கேரம் கேரமே இல்லீங்க.”

“பவுடர் ஆட்டத்தின் பகுதி என்று எந்த விதியில் உள்ளது?”

“மூக்குல ஏறுனவனுக்குத் தெரியும். பேன் காத்துல உக்காந்து ஆபீசர் கேரம் ஆடுனவங்களுக்குத் தெரியாதுங்க.”

மன்றமே சிரித்தது. ‘சாப்டாச்சா’ நடுவில் புகுந்து, “நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரில்ல அடிச்சுக்கறீங்க, தனியா ஒரு ரூம் போட்டுத் தரவா?” என்று எழுதினார். அதன்பிறகு ஒருநாள் முழுக்க நாங்கள் இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒருமுறை ‘வெயில்’ பல நாள் வரவில்லை. வேறு யாரிடம் கேட்பது? பெரம்பலூர் என்ற பெயர் போட்ட பஸ் வீட்டு முனையைக் கடக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பஸ்ஸுக்கு என்ன தெரியும். பிறகு வந்து எழுதினான்: “கண்ணுல ஆபரேசனுங்க. இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்.” எந்தக் கண் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. “விடுப்பு விண்ணப்பம் இன்றி வராதது பதிவு செய்யப்படுகிறது” என்று எழுதினேன். அவன் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டான். மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

“வரதனுக்குக் கண் ஆபரேசன் ஆயிருக்கு.”

“அய்ய, யாரு சொன்னா? பேசுனீங்களா?”

“இல்ல.”

“பின்ன எப்புடித் தெரியும்?”

“நேத்து அவன்கூட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்.”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்த ஆண்டு ‘சாப்டாச்சா’ ஓர் அறிவிப்புப் போட்டார். “இங்க யாரும் வர்றதில்லீங்க. எல்லாரும் வீடியோ பாக்கப் போயிட்டாங்க. நானும் ஊருக்கே திரும்புறேன். மாசக் கடைசி மத்தியானத்தோட மன்றத்த மூடிர்றேன். இன்ஷா அல்லாஹ், வேற எங்கயாச்சும் பாப்போம்.”

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உட்கார்ந்து மனு எழுதினேன். பொருள், பார்வை, மூடுவதற்கு முன் உறுப்பினர்களுக்குத் தரவேண்டிய கால அவகாசம், ஆட்சேபணை கோரும் முறை, பொறுப்பை வேறொருவருக்கு ஒப்படைக்கும் வழி, எல்லாம் வரிசையாக. முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் இதைவிட நல்ல மனுவை நான் பார்த்ததில்லை. பதில் இப்படி வந்தது: “சார், படிக்கவே அழகா இருக்கு. ஆனா மேல யாரும் இல்லீங்க. நான் ஒரு ஆளுதான். நானும் கடையச் சாத்துறேன்.” மேலதிகாரி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

மற்றவர்கள் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லோரும் போன் நம்பரைப் போடுங்கள், வாட்சப்பில் குழு தொடங்கலாம் என்றார்கள். வரிசையாக நம்பர்கள் வந்தன. ‘வெயில்’ போடவில்லை. நானும் போடவில்லை. அவன் நம்பர் என் போனில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. என் நம்பரை நான் மாற்றவே இல்லை. நம்பர் இல்லாததா எங்கள் கஷ்டம்? எங்களுக்கு வேண்டியிருந்தது நடுவில் ஒரு சுவர். அது இருந்தால்தான் எங்களுக்குப் பேச்சு வரும். வாட்சப்பில் பெயரும் படமும் தெரியும்.

கடைசி நாள் காலை மன்றத்தைத் திறந்தேன். ஆளாளுக்குப் பிரியாவிடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய புரொஜெக்டர் விவாதத்தின் அடியில், யாரும் போகாத அந்த இடத்தில், புதிதாக ஒரு வரி இருந்தது. ‘வெயில்’ எழுதியது.

“உள்ள தெரியுதா?”

‘ங்க’ இல்லை.

நான் எழுதினேன். அழித்தேன். முதலில் பத்திரிகை வரிசைக்கு விளக்கம் எழுதினேன். அது அலுவலகக் குறிப்பு போல இருந்தது. கண்ணைப் பற்றிக் கேட்டேன். அது நோயாளியைப் பார்க்க வந்தவன் பேச்சு போல இருந்தது. தண்ணீர் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி, அந்தக் கோடையிலேயே பல்பு உள்பக்கம் வெள்ளையாகப் படிந்து படம் மங்கிவிட்டது, உள்ளே இருந்த எனக்குத்தான் அது தெரியும் என்று எழுதினேன். அதுவும் நீளமாகப் போயிற்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, “தெரியுது. ஆட்டாத” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, நீங்கள் தேடும் பக்கம் இல்லை என்று வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் ஆகியிருந்தது.

போயிற்றா, போகவில்லையா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அந்த முகவரியைத் தட்டினால் இப்போது ஏதோ செருப்பு விளம்பரம் வருகிறது. வெங்காய அறை இருந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு ஓட்டுக்கூரையும் இல்லை. இன்றைக்கு நின்றால் சந்தில் சாயங்காலம் வரை வெயில் அடிக்கும். வரதனின் எண் போனில் அப்படியே இருக்கிறது. எடுத்துப் பார்ப்பேன், முதல் வார்த்தை என்ன என்பதில் நின்றுவிடுவேன்.

போன வாரம் நல்ல மழை. மொட்டை மாடியில் ஒரு குண்டானை வைத்துவிட்டு வந்தேன். நிரம்பியதும் கீழே கொண்டுவந்து, மூடிபோட்டு, அடுப்படி ஓரத்தில் வைத்தேன்.

“இது எதுக்குங்க?” என்று மனைவி கேட்டாள்.

“மழைத் தண்ணி. சும்மா இருக்கட்டும்.”

வீட்டில் இருப்பதெல்லாம் எல்இடி பல்பு. அதை உடைத்தால் உள்ளே ஒரு பச்சைத் தகடுதான் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற இடம் இல்லை. உடைத்துப் பார்த்துவிட்டேன்.