உப்பில ஓடாத ட்றக்

என்ர மனுசன் கிறகரியை நான் ஏசாத நாளில்லை. ஆனால் இந்த ஒரு விசயத்தில நானும் குற்றவாளிதான்.

கனடாவில, மொன்ட்ரியால்-நோரில ஒரு கராஜில வாகனங்களுக்கு நெளிவு எடுத்து, வெல்டிங் வைச்சு, பெயின்ற் அடிக்கிறது அவருக்கு வேலை. பனிக்காலத்தில றோட்டுக்குக் கொட்டுற உப்பு வாகனத்தின்ர அடியை எப்பிடித் தின்னுதெண்டு நாள் முழுக்கப் பாக்கிற ஆள். தொண்ணூற்றொன்பதில ஒரு பண்ணைக்காரனிட்டை எழுபத்திநாலாம் ஆண்டு அமெரிக்க ட்றக் ஒண்டை, ஃபோர்ட் புரொங்கோவாம், வாங்கிக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார். கறள் பிடிச்ச கோழிக்கூடு மாதிரிக் கிடந்தது.

"உதென்ன கண்டறியாத சாமான்?" எண்டு கத்தினன்.

மனுசன் பொனற்றைத் திறந்து காட்டினார். "பார் சிசிலி, ஒவ்வொரு ஆணியும் கண்ணுக்குத் தெரியுது. ஒளிப்பு மறைப்பு ஒண்டுமில்லை. உடைஞ்சால் நானே திருத்துவன்."

ஆறு வருசம் அதோட கிடந்தார். வட்ட லைற்றும் பெட்டி உடம்பும் நீலப் பெயின்றும் வெள்ளைக் கூரையுமாய் அது எழும்பி நிக்க, ஏசின வாயாலயே சொல்லுறன், நல்ல வடிவு. வில்லரேயில எங்கட தெருச் சனமெல்லாம் நிண்டு பாத்தது. ஆனால் மே தொடக்கம் ஒக்ரோபர் மட்டும்தான் வெளியில எடுப்பார். சேத்துக்கும் பனிக்குமெண்டு செய்த வண்டியில ஈரம் படவிடாத ஆளை எங்கயாவது கண்டிருக்கிறியளோ?

எங்கட ஒரே மகள் ஜென்சிக்கு இரண்டாயிரத்தாறு சனவரியில கலியாணம். தவக்காலத்துக்கு முந்தி முடிக்கவேணும். மாப்பிள்ளைக்கும் பிறிஸ்பேனில அப்பதான் லீவு. பிள்ளை ஒண்டே ஒண்டுதான் கேட்டவள்.

"அப்பா, கோயிலுக்கு என்னைப் புரொங்கோவில கூட்டிக்கொண்டு போங்கோ."

"விசரே பிள்ளை? றோட்டெல்லாம் உப்பு. மே மாசம் கூட்டிக்கொண்டு போறன்."

"மே மாசம் நான் இஞ்ச இருக்கமாட்டனப்பா."

நான் வாயைத் திறந்திருக்கவேணும். திறந்தனான்தான், பாவி. "வெள்ளை உடுப்பு ஊத்தையாகும், விடு பிள்ளை" எண்டன். வாடகைக் காரில போனாள். தகப்பன் பக்கத்திலதான் இருந்தார், ஆளுக்கொரு யன்னலைப் பாத்தபடி.

மாசியில அவள் அவுஸ்திரேலியாவுக்குப் போட்டாள். மே வந்தது. கிறகரி வண்டியை வாசல் மட்டும் கொண்டுவந்து, கன நேரம் அதுக்குள்ளயே இருந்துபோட்டுத் திரும்ப வீட்டுக் கராஜுக்குள்ள விட்டார். அந்தக் கோடை முழுக்க எடுக்கேல்லை. நானும் ஏசேல்லை, மனம் வரேல்லை.

அடுத்த சனவரி, அவளின்ர கலியாண நாளை ஒட்டின ஞாயிறு, பூசைக்கு வெளிக்கிட்டு வந்தால் வாசலில புரொங்கோ நிக்குது. "ஏறு" எண்டார். உப்புத்தண்ணி கதவில அடிக்க அடிக்க மனுசன் கோயிலடி மட்டும் விடாமல் ஓட்டினார்.

திரும்பி வந்து, வேலை செய்யிற கராஜில விட்டு, சுடுதண்ணி அடிச்சுக் கழுவினார். பின்னேரம் ஸ்பீக்கரில போட்டு மகளுக்கு ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, இண்டைக்கு உப்புக்குள்ள எடுத்தனான். ஒண்டும் ஆகேல்லையம்மா. அரை மணித்தியாலம் கழுவினன், எல்லாம் போட்டுது."

அவள் கேட்டாள்:

"அண்டைக்கும் கழுவ அரை மணித்தியாலம்தானே அப்பா போயிருக்கும்?"