நடுப்பெட்டி

பத்தாவது வரை மட்டுமே படித்தவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மத்தியானம் நானே கம்ப்யூட்டராக இருந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அக்கா தாராவியிலிருந்து செம்பூருக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. நோட்டில் புரோகிராம் எழுதி, தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதிய சீட்டைப் போட்டு, என்னைச் செய்து காட்டச் சொல்வாள். மறுநாள் ஓர் ஆபீஸில் அவளுக்கு வேலைப் பரீட்சை.

“தேறலைன்னா டோம்பிவிலி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன், ஆமா” என்று அப்பா காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்றைய புரோகிராம், எண்களின் வரிசையைத் தலைகீழாக்குவது. முதல் பெட்டியின் எண்ணும் கடைசிப் பெட்டியின் எண்ணும் இடம் மாற வேண்டும். பிறகு அவற்றுக்கு உள்ளே இருக்கும் இரண்டும்.

“மாத்தணும்னா ஒண்ணை எடுத்து வைக்க இன்னொரு பெட்டி வேணும்லா, அக்கா?”

“ஏட்டி, கம்ப்யூட்டர் கேள்வி கேக்காது. சொன்னதைச் செய்யி.”

முதலில் 3, கடைசியில் 8. இரண்டையும் கூட்டி முதல் பெட்டியில் வைக்கச் சொன்னாள்: 11. அதிலிருந்து கடைசிப் பெட்டியின் எட்டைக் கழித்து, வந்ததைக் கடைசியில் வைத்தேன்: 3. பதினொன்றில் அந்த மூன்றைக் கழித்து முதலில் வைத்தேன்: 8. மாறிவிட்டது! எனக்குப் புல்லரித்தது. நாலு பெட்டியும் சரியாகத் திரும்பின.

குழாயில் தண்ணீர் வந்துவிட, அக்கா குடத்தோடு ஓடினாள். நான் ஆசையாக நடுவில் ஐந்தாவது பெட்டி ஒன்றை வைத்து, 6 போட்டு, முதலிலிருந்து செய்தேன். நடுப்பெட்டிக்கு ஜோடி இல்லை. நோட்டில் உள்ளபடி அதை அதனோடேயே மாற்ற வேண்டும். ஆறும் ஆறும் பன்னிரண்டு. ஆறு போய் அந்தப் பெட்டியில் பன்னிரண்டு வந்தது. கழிக்க வேண்டிய கடைசிப் பெட்டியும் அதே பெட்டிதான்; பன்னிரண்டில் பன்னிரண்டைக் கழித்தால் பூஜ்யம்.

தூக்கிவாரிப் போட்டது. ஆறு எங்கே போயிற்று? பள்ளிக்கூடத்தில் கழித்தலுக்கு அடி வாங்குகிறவள் நான். மறுபடி செய்தேன். பூஜ்யமேதான்.

ஈரப் பாவாடையோடு அக்கா திரும்பி வந்தாள். “அட, அஞ்சு பெட்டியா? சரியா வந்துச்சாட்டி?”

அதற்குள் நடுச்சீட்டில் பழையபடி 6 எழுதி வைத்திருந்தேன். “வந்துச்சுக்கா.”

“பின்னே? நீ கம்ப்யூட்டர்லா!” என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

தப்பு என்றால் அது என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பிய வயது. அன்று கணக்கைச் சரியாகப் போட்டவள் நான்தான் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பரீட்சையிலும் தலைகீழாக்கத்தான் சொன்னார்கள்; ஏழு எண்கள் கொடுத்தார்கள். நாலாவது இடத்தில் பூஜ்யம் வந்ததாம். சாயங்காலம் அப்பா டோம்பிவிலிக்கு ஆள் அனுப்பினார்.